நான் சூட்டிய பட்டம்

"நான் யார்? ஐந்து வரிகளில் எழுதுக" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன். ஆத்மா, பரமாத்மா என்று யாரும் அஞ்சிட வேண்டாம்! வேதாந்த விசாரமல்ல, தமிழ்ப் பாடத்துக் கட்டுரைப் பயிற்சி.

தாள்கள் வந்தன. ஒருவன் தன் தெருவின் பெயரை முதல் வரியிலே எழுதியிருந்தான். தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகத்தானே பொருள், நம் ஊரிலே! பிஞ்சு நெஞ்சிலே இந்த நஞ்சை ஊட்டியவர் யார் என்று பொங்கினேன். பொங்கியபடியே அடுத்த தாளை எடுத்தேன்.

"நான் மக்கு."

அவ்வளவே. மற்ற நான்கு வரிகள் வெற்றிடம்.

இந்தப் பட்டத்தை அவனுக்குச் சூட்டியது சாதியல்ல, சாத்திரமல்ல. நான்!

ஒரு திங்களுக்கு முன், நிலவைப் பாம்பு விழுங்கும் என்ற பாட்டி கதையைச் சொல்லி, "விழுங்கிய பாம்பு ஏன் ஐயா திரும்பவும் கக்குகிறது?" என்று கேட்டான். பாடத்தை முடிக்கும் அவசரம் எனக்கு. "மக்கு, உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. உட்கார்ந்தான், அதன்பின் கேள்வி கேட்க அவன் எழவே இல்லை.

எத்தகைய கேள்வி அது! புராணத்தின் அடித்தளத்தையே அசைத்துவிடும் கேள்வி. 'ஏன், எதற்கு என்று கேள்' என மாலையிலே மேடையேறி முழங்கும் நான், காலையிலே வகுப்பறையில் அந்தக் கேள்வியின் கழுத்தை நெரித்தேன்!

1929ஆம் ஆண்டு செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே தொங்கிய சாதிப் பட்டங்களைக் களையச் சொன்னது. மாணவர் கைகளிலே சாதி காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்று 2024ஆம் ஆண்டு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு பரிந்துரைத்தது. பட்டத்தைக் களைவோம், கயிற்றை அறுப்போம். சரி, ஆசிரியரின் நாவிலிருந்து விழும் பட்டத்தை? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, குழந்தையை அடிப்பதை மட்டுமா தடுக்கிறது? மனத்தை வதைப்பதையும் அல்லவா தடுக்கிறது! பிறப்பைக் கொண்டு தாழ்ந்தவன் என்பதும், ஒரு கேள்வியைக் கொண்டு மக்கு என்பதும் ஓரினமே. ஒருவன் யார் என்பதை வேறொருவன் முடிவு செய்யும் ஆணவம், இரண்டுக்கும் தாய்!

மறுநாள், வகுப்பார் அனைவர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதே கேள்வியை மீண்டும் கேட்கச் சொன்னேன். தயங்கினான், மெல்லக் கேட்டான். விளக்கொன்றும் பந்துகள் இரண்டும் கொண்டு, ஒரு பந்தின் நிழல் மற்றதன்மீது படிவதையும் விலகுவதையும் அவனே செய்து காட்டினான். பாம்பு அன்றே ஓடிற்று!

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். எழுதியிருந்த வரியை அடித்தான்.

"வேறென்ன எழுதட்டும், ஐயா?"

'அறிவாளி' என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். அதுவும் நான் சூட்டும் பட்டமன்றோ? அந்த ஐந்து வரிகளும் அவனுடையவை. அவனே எழுதட்டும்.

தோழர்களே! குழந்தைக்குப் பெயர் வைப்போம். பட்டம் சூட்ட வேண்டாம். தான் யார் என்பதை அது ஒருநாள் சொல்லும். அதுவரை அதன் கேள்விகளுக்குச் செவி கொடுப்போம்.