கேசட்டும் கைமாற்றும்

நாற்பதைக் கடந்த ஒருவர், அதுவும் மைய அரசு அலுவலகமொன்றில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தர், மாலையில் வீடு திரும்பியதும் வீடியோ விளையாட்டில் அமர்கிறார் என்றால் கேட்போர் நகைப்பர். நகைக்கட்டும். சிலருக்குச் சீட்டு, சிலருக்குச் சதுரங்கம், நமக்கு இது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்விளையாட்டோடு பழகிய உரிமையில் சில கருத்துகளை மலரின் வாசகர்முன் வைக்க விழைகிறோம்.

நாம் பிறந்து வளர்ந்த ஊர் பாறசாலை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டமும் அதிலடங்கிய நம் ஊரும் கேரளத்திலேயே நின்றன. நம் வீடு கோட்டுக்கு இப்பால். சிற்றப்பாவின் வீடு கோட்டுக்கு அப்பால், களியக்காவிளையில். பேருந்தில் சில நிமிடப் பயணந்தான். எனினும் சிற்றப்பாவின் மகன் பள்ளியில் தமிழ் பயின்றான். நாம் மலையாளம் பயின்றோம். நமக்குத் தமிழெழுத்தைக் கற்பித்தது வீட்டுத் திண்ணை.

1990-களின் தொடக்கத்தில் தாய்மாமன் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தபோது, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் விளையாட்டுப் பொறியொன்றைக் கொண்டுவந்தார். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் பொறியின் நகல் அது என்பதைப் பின்னரே அறிந்தோம். அதனோடு வந்த மஞ்சள் நிறக் கேசட்டின் அட்டையில் 9999 விளையாட்டுகள் என அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்தவை பத்துக்குச் சற்று மேல். அவையே எண்ணும் பெயரும் மாறித் திரும்பத் திரும்ப வந்தன. வாங்குவோரை ஏய்க்கும் கலை இத்தொழிலுக்குப் புதிதன்று என்பதற்கு அம்மஞ்சள் கேசட்டே சான்று.

ஆனால் அக்கேசட்டுக்கு ஓர் அருங்குணம் இருந்தது. அது கைமாறும். சனிக்கிழமை மாலையில் அதனைச் செய்தித்தாளில் பொதிந்து களியக்காவிளைக்குக் கொண்டுசெல்வோம். சிற்றப்பாவின் மகன் தன்னிடமுள்ள வேறொன்றைத் தருவான். வட்டியில்லை, எழுத்தில்லை. அரிசியும் சர்க்கரையும் போலவே கேசட்டும் உறவினரிடையே கைமாற்றாகச் சென்று வந்தது. எல்லைச் சோதனைச் சாவடியில் எவரும் அதனைத் தடுத்ததில்லை.

இன்றைய கன்சோல்களைக் காணுங்கால் நம் உள்ளத்தில் எழும் முதற் குறை இதுவே. 2020 நவம்பரில் உலகச் சந்தைக்கு வந்து, 2021 பிப்ரவரியில் இந்தியாவை எட்டிய ப்ளேஸ்டேஷன் 5, தகடு இடும் வாயில் உள்ளதும் இல்லாததுமாக இருவகையில் அமைந்தது. 2024 நவம்பரில் வந்த அதன் ‘ப்ரோ’ வகை 700 டாலர் விலை பெற்றும் தகடு இடும் வாயிலின்றியே வந்தது. அதனைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். 2025 ஜூன் 5-ஆம் நாள் வெளியான நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு விற்கப்படும் அட்டைகளுள் சிலவற்றில் விளையாட்டே இல்லை; பதிவிறக்கம் செய்துகொள்வதற்கான திறவுகோல் மட்டும் உண்டு. அவ்வட்டையையேனும் பிறருக்குக் கொடுக்கலாம். முழுமையும் இணையத்தில் வாங்கியதை அவ்வாறு கொடுப்பது எளிதன்று.

கொடுக்க இயலாதது ஒருபுறம் இருக்க, வைத்திருக்கவும் இயலாமற் போவதுண்டு. யூபிசாஃப்ட் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டின் வழங்கிகளை 2024 மார்ச் 31-ஆம் நாள் நிறுத்தியது. தனியே இருந்து ஆடுவதற்கும் இணையத் தொடர்பு வேண்டிய விளையாட்டு அது. ஆதலால் விலை கொடுத்து வாங்கியவர் கையில் வெறுந்தகடே மிஞ்சியது. இதனை எதிர்த்து எழுந்த ‘விளையாட்டுகளைக் கொல்லாதீர்’ என்னும் இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்திடம் அளிக்கும் விண்ணப்பத்திற்கு 2025 ஜூலைக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. கலிபோர்னியாவிலோ, வாங்குவோர் பெறுவது உடைமையன்று, உரிமமே என்பதை விற்போர் தெளிவாகக் கூறவேண்டும் எனும் சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. வழங்கிகளை என்றென்றும் நடத்துதல் செலவுமிக்கது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கடையை மூடுபவர், விற்ற பொருளையும் வீடு புகுந்து எடுத்துச் செல்லலாமா என்பதே நம் வினா.

இதனினும் கொடிது ‘இலவசம்’ என்னும் பெயரில் வருவது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், ஓய்வூதியத்தில் 3,480 ரூபாய் குறைவதாக நம் அன்னையார் கூறினார். நமது புதல்வன், அப்போது பன்னிரண்டு வயதினன், ஆச்சியின் கைப்பேசியில் விளையாடி, உள்ளே யாதிருக்கும் என்றறியாத பெட்டிகளைச் சிறிது சிறிதாக வாங்கித் திறந்திருந்தான். நாம் கையை ஓங்கிவிட்டோம். அன்னையார் இடைபுகுந்தார். “பைசா போனா போவட்டும், மக்களே. நீ எதுக்கு எங்கிட்ட ஒளிச்ச?” என்று மட்டும் அவனிடம் கேட்டார். அவன் அழுத அழுகை இன்றும் நம் செவியில் உள்ளது. சிறுவனைக் கடிந்த நாம், அப்பெட்டியை அமைத்தவரை எங்கே போய்க் கடிவது?

பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் இத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டமென 2018-லேயே அறிவித்தது. நம் நாடாளுமன்றமும் பணம் வைத்துப் பணம் வெல்லும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியது. எனினும் பணமாகத் திரும்பாத பெட்டிகளிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பு இன்றும் பெரிதும் பெற்றோர் தலையிலேயே உள்ளது.

இவ்வளவு குறை கூறியபின், இத்தொழில் நமக்குச் செய்த நன்மையொன்றையும் கூறாதொழிதல் நன்றியன்று. கனடாவின் டொராண்டோ நகரில் விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் ‘வெண்பா’ என்னும் விளையாட்டை 2023 ஜூலையில் வெளியிட்டனர். 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை அது. சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டிலிருந்து விடுபட்ட படிகளை ஊகித்து இட்டிலியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதே ஆட்டம். வாளில்லை, துப்பாக்கியில்லை. இட்டிலித் தட்டுகளை ஆவி மேலெழும் வண்ணம் அடுக்கத் தெரியவேண்டும், அவ்வளவே. 2024-இல் பாஃப்டா அமைப்பின் முதற்படைப்புக்கான விருதை அது பெற்றது. மலைகளும் கடல்களும் கடந்து வாழும் மலர் வாசகர்களுக்கு, தாய்மொழியை விட்டு விலகும் மகனைப் பார்த்து நிற்கும் அத்தாயின் நிலையை விளக்கத் தேவையில்லை.

புட்டுக் கட்டம் வந்தபோது புதல்வன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அடுக்களைக்குச் சென்றான். “ஆச்சி, மாவுல தண்ணி எவ்வளவு விடணும்?” என்றான். “அளவெல்லாம் இல்ல மக்களே. பிடிச்சா பிடி நிக்கணும், உடைச்சா உதிரணும்” என்றார் அன்னையார். அவன் அதனைப் பழைய கணக்கேட்டில் எழுதி வைத்தான். மறுநாள் அதனை எடுத்துப் பார்த்தோம். சொற்கள் யாவும் ஆச்சியின் தமிழ். எழுத்துகள் யாவும் மலையாளம்.

குற்றம் அவனுடையதன்று. திண்ணையில் நமக்குக் கிடைத்ததை நாம் அவனுக்குக் கொடுத்தோமில்லை. அலுவலகம், தொடர்வண்டி, களைப்பு என்று காரணம் கூறிவந்தோம். அன்றிரவு அவ்வரிகளுக்குக் கீழே அவற்றையே தமிழெழுத்தில் எழுதிவைத்தோம். கடிந்து ஏதும் கூறவில்லை. இப்போது அவன் நாளுக்கு ஒரு வரி பார்த்தெழுதுகிறான். றகரமும் ரகரமும் இன்னும் இடம் மாறுகின்றன.

ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ‘வெண்பா’வை நாம் வாங்கியதும் தகடாக அன்று, பதிவிறக்கமாகவே. அவ்வழி இல்லாவிடில் டொராண்டோவின் சிறு குழுவொன்றின் படைப்பு பாறசாலை வரை வந்திராது. ஆனால் சிற்றப்பா மகனின் பெண் அதனைக் கேட்டபோது செய்தித்தாளில் பொதிந்து கொடுக்க நம்மிடம் ஒன்றுமில்லை. ஆகவே அவளையே வரச் சொன்னோம். சனிக்கிழமை மாலைப் பேருந்தில் வந்தாள். பள்ளியில் தமிழ் படிப்பவளாதலின், கணக்கேட்டைப் புரட்டி நம் புதல்வனின் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திவிட்டே ஆட்டத்தில் அமர்ந்தாள்.

அன்பர்களே, பிள்ளைகளுக்குக் கன்சோல் வாங்குங்கால் தகடு இடும் வாயில் உள்ளதை வாங்குங்கள். கைப்பேசியில் பணம் செலுத்தும் வழியைப் பூட்டி வையுங்கள். இயன்றால் அருகில் அமர்ந்து நீங்களும் ஆடுங்கள். வழங்கி ஒருநாள் நின்றுபோகலாம். அக்கணக்கேடு நம் அடுக்களை மாடத்தில், புட்டுக் குடத்தின் அருகில் இருக்கிறது. அதனைக் கைமாற்றாகக் கேட்போர்க்குக் கொடுக்கவும் நமக்குத் தடையில்லை.