யார் கை காட்டினால் ஆட்டம் நிற்கும்?

கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் காலை ஆறு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. கடல் பக்கம் என்பதால் காற்றுக்குக் குறைவில்லை, ஆனால் அந்தக் காற்றே நசநசவென்று இருக்கிறது. சிமென்ட் படியில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பதினாறு, பதினேழு வயது இருக்கும். கீழ்ப்படியில் உட்கார்ந்து அவள் கணுக்காலுக்கு டேப் போட்டுக்கொண்டிருந்தார் பிசியோதெரபிஸ்ட். அங்கே கால்பந்து பழகும் பெண்களுக்கு அவர் ‘அக்கா’.

டேப் போடுவதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. முதலில் துண்டால் காலை அழுத்தித் துடைத்தார். வேர்வை இருந்தால் பசை பிடிக்காது. தோலின் மேல் மெல்லிய நுரைப்பட்டையைச் சுற்றினார். கெண்டைக்குக் கீழே ஒரு வளையம் போட்டார். பிறகு பாதத்தின் உள்பக்கத்தில் ஆரம்பித்து, குதிகாலுக்கு அடியில் கொண்டுபோய், வெளிப்பக்கம் இழுத்து மேலேற்றி ஒட்டினார். ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி மூன்று பட்டைகள். இவளுக்குக் கால் உள்பக்கமாக மடங்கித்தான் சுளுக்கு வந்திருக்கிறது; அதனால் இழுப்பு வெளிப்பக்கம். எங்கேயும் ஒரு சுருக்கம் விழவில்லை. சுருக்கம் விழுந்தால் பத்து நிமிட ஓட்டத்தில் அந்த இடம் கொப்புளமாகிவிடுமாம். குதிகாலைச் சுற்றிக் குறுக்காகப் பூட்டி முடித்ததும் பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்த நகம் உடனே சிவந்தது. “ரொம்ப இறுக்கல” என்றார்.

எழுந்து பயிற்சியாளரைப் பார்த்து, “ஓட்டம் மட்டும் சார். இன்னிக்குப் பந்து வேணாம்” என்றார்.

அடுத்த வாரம் போட்டி. பயிற்சியாளர் முகத்தில் அது தெரிந்தது. அரை நிமிடம் மைதானத்தைப் பார்த்துவிட்டு, “சரிங்க மேடம்” என்றார்.

நான் பார்க்க வந்தது அந்த அரை நிமிடத்தைத்தான். விளையாட்டுக்காரர்களைப் பேணுகிறவர்கள் என்றால் நமக்கு டாக்டர், ஊசி, ஸ்ப்ரே நினைவுக்கு வரும். அந்த வேலையில் பாதி, ஒருவர் சொல்லை இன்னொருவர் ஏற்றுக்கொள்வதில்தான் இருக்கிறது.

கடலூரில் இது தனியாகச் சொல்ல வேண்டிய சங்கதி. 2004 சுனாமிக்குப் பிறகு, வீட்டையும் பெற்றோரையும் இழந்தவர்கள் உட்படப் பல பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்து வளர்த்தவர் பயிற்சியாளர் மாரியப்பன். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி 2017-18 இந்திய மகளிர் லீகில் ஆடியது. 2018இல் கட்டாக்கில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என வென்று தேசியப் பட்டம் வாங்கியபோது அணியில் கடலூரில் பயின்றவர்கள் இருந்தார்கள். இந்திய அணிக்கு நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் இந்த மாவட்டத்துக்காரர்தான். இப்படிச் சிறிய ஊர்களில் வளரும் அணிகளில் பயிற்சியாளர் என்பவர் பயிற்சியாளர் மட்டும் இல்லை. சாப்பாடு, பள்ளிக்கூடம், காய்ச்சல், வீட்டுச் சண்டை, முழங்கால் எல்லாம் அவர் தலையில்தான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆளில்லாத இடத்தில் ஒரு மனிதர் நான்கு வேலை பார்த்ததால்தான் அந்த அணிகளே உண்டாயின. ஆனால் ஜெயிக்க வேண்டும் என்று துடிப்பவரும், ஆடாதே என்று சொல்ல வேண்டியவரும் ஒரே ஆளாக இருந்தால் அடிபட்ட பிள்ளையின் பாடு என்ன?

பெரிய அணிகளில் இப்போது ஆள் பஞ்சம் இல்லை. சென்னையில் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய வீரர்களுடன் போனார். வீரர்கள் சொற்பம், உடன் போனவர்கள் அதைவிடச் சொற்பம். சரியாக நூறு ஆண்டு கழித்து அதே பாரிஸுக்கு 117 வீரர்கள் போனபோது, டாக்டர் தின்ஷா பர்திவாலா தலைமையில் 13 பேர் கொண்ட மருத்துவக் குழுவும் போனது. அந்த வருடம்தான் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோ இறுதிப் போட்டியன்று காலை 100 கிராம் கூடுதலாக இருந்து தகுதி இழந்தார். யார் பொறுப்பு என்று நாடே கேட்டது. எடையைப் பார்த்துக்கொள்வது வீராங்கனையும் அவருடைய பயிற்சியாளரும் செய்ய வேண்டியது, ஒலிம்பிக் சங்கம் நியமித்த மருத்துவக் குழுவைக் குறை சொல்லக் கூடாது என்று அறிக்கை விட்டார் சங்கத் தலைவர் பி.டி. உஷா. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனாலும், எது யாருடைய வேலை என்பதைத் தோற்ற பிறகு அறிக்கையில் படிக்க நேர்வது கொடுமை.

கடலூர் அக்காவிடம் 13 பேர் கிடையாது. ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போல அட்டை போட்டது. ஒரு பக்கத்துக்கு ஒரு ஆட்டக்காரி. இடதுபுறம் அவர் எழுதுவார், வலதுபுறம் பயிற்சியாளர். விடுதி வார்டனும் எழுதுகிறார். ஒரு பக்கத்தில் வார்டனின் கையெழுத்தில், ‘ரெண்டு நாளா ராத்திரி சாப்பிடல. டீ மட்டும்’ என்று இருந்தது. அதற்குக் கீழே அக்கா, ‘ரத்தம் பார்க்கணும்’ என்று எழுதியிருந்தார். தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தச்சோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஓட்டத்தில் பின்தங்கும் பெண்ணைச் ‘சோம்பேறி’ என்று திட்டுவதற்கு முன் இந்தப் பக்கத்தைப் பார்த்தால் போதும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி நிறுத்தியதும் வார்டன்தான். அவரை யாரும் மருத்துவக் குழு என்று எண்ணுவதில்லை.

கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அண்ணாமலை நகரில் இறங்கினால் பல்கலைக்கழகம், உடற்கல்வித் துறை, மருத்துவமனை எல்லாம் ஒரே வளாகத்தில் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. ஆளும் வசதியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இப்படியொரு ஊர் நம் மாவட்டங்களில் அரிது.

அங்கே ஒரு பிசியோதெரபி அறையில் கபடி ஆடும் தம்பி ஒருவன் இருந்தான். கார்னர் ஆட்டக்காரன். “முட்டி ஜவ்வு கிழிஞ்சிருச்சு சார், ஆபரேஷன் ஆச்சு” என்றான், ஏதோ ரேஷன் கார்டு தொலைந்ததைச் சொல்வது போல. இந்தப் பக்கத்தில் ஜவ்வு கிழியாத கபடிக் குழு ஏது. தரையில் அளவு நாடா ஒட்டியிருந்தது. ஒற்றைக் காலில் நின்று, அதே காலில் எம்பிக் குதித்து, தடுமாறாமல் நிற்க வேண்டும். நல்ல காலில் 152 சென்டிமீட்டர். ஆபரேஷன் செய்த காலில் 118. மறுபடி குதித்தான், கை ஊன்றிவிட்டான், அது கணக்கில் இல்லை. “எழுபத்தெட்டு சதவீதம். தொண்ணூறு வரணும்” என்றார் பிசியோ. ஆறாவது மாதம்தான் நடக்கிறது.

“வலியே இல்ல சார்” என்றான் பையன்.

சிக்கலே அதுதான். வலி போய்விடும், வீக்கம் வடிந்துவிடும், நடை நேராகிவிடும். தொடைத் தசை மட்டும் பழைய பலத்துக்கு வந்திருக்காது. ஒன்பதாம் மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று 2016இல் வெளிவந்த டெலவேர்-ஆஸ்லோ ஆய்வு சொல்கிறது. ஆபரேஷன் செய்த டாக்டர் தையலையும் எலும்பையும் பார்த்து ‘நல்லா இருக்கு’ என்பார். அவர் சொன்னது மூட்டைப் பற்றி. பையன் வீட்டுக்குப் போய் அதை ‘ஆடலாம்னுட்டார்’ என்று சொல்வான். பி.டி. மாஸ்டர் அதை நம்பி ஆடுகளத்தில் இறக்குவார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் முழங்கால் போய்விடும். இதனால் அந்த பிசியோ ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். 152, 118 என்ற இரண்டு எண்களையும் பையனிடம் சொல்வதோடு விடாமல், டாக்டருக்கும் மாஸ்டருக்கும் ஒரே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். எண்ணை வைத்துக்கொண்டு கெஞ்ச முடியாது.

அடுத்த கட்டிலில் பரதநாட்டியம் ஆடும் ஒரு பெண் முழங்காலில் ஐஸ் வைத்துப் படுத்திருந்தார். சிதம்பரத்தில் இது ஆச்சரியமில்லை. கோபுர வாசல்களில் 108 கரணச் சிற்பங்கள், 1981 முதல் மகா சிவராத்திரியையொட்டி நாட்டியாஞ்சலி. அரைமண்டியில் மணிக்கணக்காக நிற்கிறவர் எந்தக் கபடிக்காரனுக்கும் குறைந்தவர் இல்லை. அவருடைய குருவும் போனில் அதே கேள்வியைத்தான் கேட்டார்: “விழாவுக்குள்ள சரியாயிடுமா?”

ஊரில் சுளுக்கு எடுக்கும் பெரியவர்களையும் இந்தக் கதையில் விடக் கூடாது. கால் முதலில் வந்து பிறந்தவர் இடுப்பில் மிதித்தால் பிடிப்பு விடும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. எண்ணெய் போட்டு நீவுகிறவர்களிடம் பிள்ளைகள் முதலில் போகிறார்கள்; காசு குறைவு, வீட்டுக்குப் பக்கம். படித்தவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். கடலூர் அக்கா முகம் சுளிக்கவில்லை. அப்படி ஒரு பெரியவர் வீட்டுக்கே போய்ப் பேசி, ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறார்: புதுசாக வீங்கியிருந்தாலோ, கால் ஊன்ற முடியாவிட்டாலோ நீவாமல் தனக்கு அனுப்ப வேண்டும், பழைய தசைப்பிடிப்பு என்றால் அவரே பார்க்கலாம். “முதல் ரெண்டு பேரை அனுப்புனப்பதான் நம்புனேன்” என்றார்.

பிள்ளைகளைப் பேணும் வளையத்தில் மருந்துக்கடைக்காரரும் இருக்கிறார். இருமலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் சில சிரப்புகளில் டெர்புடலின் இருக்கிறது. ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ள மருந்து அது. 2019இல் கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷா எட்டு மாதத் தடை வாங்கியது இதனால்தான். மாநிலப் போட்டிக்குப் போகும் பிள்ளை ‘நான் பிளேயர்’ என்று கடையில் சொல்லிப் பழக வேண்டும்.

இத்தனை பேர் நடுவில் பிசியோவின் சொல்லுக்கு என்ன மதிப்பு? 2025 செப்டம்பரில் பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன் ‘டாக்டர்’ போடக் கூடாது என்று மத்திய சுகாதார இயக்குநரகம் ஒரு கடிதம் அனுப்பி, மறுநாளே திரும்பப் பெற்றது. அதைப் பற்றிச் சிதம்பரத்து பிசியோவிடம் கேட்டேன். “பேரு இருக்கட்டும் சார், நான் வேணாம்னு சொன்னா நிப்பாட்டுவாங்களா, அதைச் சொல்லுங்க” என்றார்.

நிற்காத ஆட்டங்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. பொங்கலை ஒட்டி ஊருக்கு ஊர் மின்னொளி கபடி. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஒரு போட்டியில், பாடிப் போன இளைஞர் ஒருவர் ஆடுகளத்திலேயே சரிந்து இறந்தார். செல்போனில் எடுத்த காட்சி நாடு முழுக்கப் பரவியது. பார்த்துப் பதறினோம், அடுத்த பொங்கலுக்கும் போட்டிகள் நடந்தன, நடக்கவும் வேண்டும். ஆனால் ஒருவர் விழுந்த அடுத்த நிமிடம் யார் என்ன செய்வது? இதயம் நின்றவரின் மார்பை அழுத்தாமல் விட்டால், மின் அதிர்ச்சி கொடுப்பது தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. 108 ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை மார்பை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குல ஆழம்.

ஊர்ப் போட்டி நடத்தும் இளைஞர்களுக்குக் கடலூர் அக்கா இதைப் பழக்கிய ஒரு மாலையில் நானும் போய் உட்கார்ந்தேன். பொம்மையின் மார்பை அழுத்துவது எல்லோருக்கும் சீக்கிரம் வந்துவிட்டது. கூட்டத்தை விலக்குவதுதான் வரவில்லை. ஒருவன் விழுந்ததாக நடிக்க, இருபது பேர் சுற்றி நின்று, மூன்று பேர் தண்ணீர் தெளிக்க, ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க, 108க்கு யாருமே போன் செய்யவில்லை. எல்லோரும் இன்னொருவர் செய்திருப்பார் என்று நினைத்திருந்தார்கள். இரண்டாவது முறை அக்கா பெயர் சொல்லிப் பிரித்தார்: அழுத்த ஒருவர், மாற்றிப் பிடிக்க ஒருவர், போனுக்கு ஒருவர், ரோட்டில் நின்று வண்டிக்கு வழிகாட்ட ஒருவர். கயிறு பிடித்துக் கூட்டத்தைத் தள்ள நான்கு பேர். மைக்கில் பேசுகிறவருக்கும் ஒரு வேலை: ‘யாரும் உள்ளே வராதீங்க’ என்பதைத் தவிர வேறு எதையும் பேசக் கூடாது. நடுவர் ஊதினால் ஆட்டம் நிற்பது போலவே, பிசியோ கை காட்டினாலும் நிற்க வேண்டும் என்பதைக் குழுத் தலைவர்கள் முன்னாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

முடிந்ததும் போட்டிச் செலவுக் கணக்கு போட்டார்கள். மின்விளக்கு, மைக் செட், கோப்பைகள், பந்தல், வந்த குழுக்களுக்குச் சாப்பாடு. அக்காவுக்கு என்ன தருவது என்ற பேச்சு வந்தபோது கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அமைப்பாளர் சங்கடப்பட்டு, “நோட்டீஸ்ல உங்க பேரைப் பெருசாப் போட்டுடறோம்க்கா” என்றார்.

“பேரு வேணாம்பா. பெட்ரோல் காசு குடு, டேப்புக்கும் ஐஸுக்கும் குடு” என்றார் அவர். “அப்புறம் பைக்கெல்லாம் போன வருஷம் மாதிரி வாசல்ல நிறுத்தாதீங்க. ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் நிக்கும், எப்படி வெளிய போவும்? அதை முதல்ல வரைஞ்சு காட்டு.”

அமைப்பாளர் நோட்டீஸைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் மைதானத்தை வரைய ஆரம்பித்தார்.