ஃப்ளவர்பாமா, லங்கோமா?

ரெண்டு பெர்ஃப்யூம்: விக்டர் அண்ட் ரோல்ஃபின் ஃப்ளவர்பாம் (2005), லங்கோமின் லா வி எ பெல் (2012). முதல் முகர்வுல ரெண்டும் அக்கா தங்கச்சிதான். ஆச்சரியமில்லை: ரெண்டையும் உருவாக்கின குழுக்கள்லயும் பெர்ஃப்யூமர் ஒலிவியே போல்ஜ் இருந்தார். ரெண்டிலும் இனிப்புக்கு அடியில பச்சௌலி.

கடை அட்டையில முகர்ந்து முடிவெடுக்காதீங்க. ஒரு மணிக்கட்டுக்கு ஒண்ணு அடிச்சுக்கிட்டு வெளிய வந்துடுங்க. மேலாக எழுற வாசம் சீக்கிரமே பறந்துடும்; தோல்ல தங்குறதுதான் சாயங்காலம் வரைக்கும் கூட வரும். ஃப்ளவர்பாம்ல மல்லிகை, ரோஜான்னு பூக்கள் முன்னால நிக்கும். மற்றதுல ஐரிஸின் பவுடர் வாசம், பிராலின், வெனிலா.

என் ஓட்டு ஃப்ளவர்பாமுக்கு. எனக்குப் பூ கொஞ்சம் தூக்கலா இருக்கணும். ரெண்டையும் வாங்கச் சொல்றவங்க, பில்லையும் நீங்களே கட்டிடுங்க!