புக் கிரிக்கெட்டின் முதல் வாரம்

தொண்ணூறுகளில் ராயபுரம், திருவொற்றியூர் பள்ளிகளின் கடைசி பெஞ்சில் ஜூன் மாதம் ஒரு லீக் தொடங்கும். ஸ்டேடியம்? புதுப் பாடப்புத்தகம்தான்!

புத்தகத்தைத் திறந்தால் இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். 0 வந்தால் அவுட். 8 வந்தால் பல வகுப்புகளில் ஒரு ரன். கணக்குப் போட்டுப் பாருங்கள்... ஐந்து முறை திறந்தால் சராசரியாக ஒரு அவுட், 13 ரன். டெண்டுல்கருக்கும் 13தான், வெங்கடேஷ் பிரசாத்துக்கும் 13தான். முதல் வாரமே கென்யா இந்தியாவை வீழ்த்தினாலும் ஆச்சரியமில்லை.

அமெரிக்கக் கால்பந்துக்கான 'மேடன்' வீடியோ கேமில் ஒவ்வொரு வீரருக்கும் திறமைப் புள்ளி உண்டு. 2015 சூப்பர் பௌல் ஸ்கோரை, 28-24 என்று, அது முன்கூட்டியே அப்படியே சொன்னது. புக் கிரிக்கெட்டில் திறமைப் புள்ளியே கிடையாது. கன்டெய்னர் லாரி ஓடும் தெருவில் பந்து பொறுக்க மட்டும் நிறுத்தப்படும் பையனும் இங்கே தன் பெயரை ஓப்பனராக எழுதிக்கொள்ளலாம். அவனுக்கும் அதே 13!

ஆனால் இரண்டாம் வாரத்துக்குள் யாராவது 56ஆம் பக்கத்தை அழுத்தி அழுத்திப் பழக்கிவிடுவார்கள். திறந்தாலே சிக்ஸர். அதன் பிறகு ஜெயிப்பது கைவேலைதான். அந்தப் பையன் நம்பக்கூடியது முதல் வாரத்து ரிசல்ட் மட்டுமே.