கோட்டைத் தாண்டிய தண்ணீர்

போன கிழமை உயர்தரப் பிள்ளைகளுக்கு நியமக் கரைசல் தயாரிக்கும் செய்முறை. லீற்றருக்கு 0.1 மூல் செறிவுள்ள சோடியம் காபனேற்றுக் கரைசல் 250 மில்லிலீற்றர் வேண்டும். கணக்கு லேசு. மூலர்த் திணிவு 106; கால் லீற்றருக்குத் தேவை 0.025 மூல். ஆகவே நீரற்ற உப்பு 2.65 கிராம்.

ஒரு மாணவி அழகாகச் செய்தார். உப்பை நிறுத்து, முகவையில் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, புனல் வழியே கனமானக் குடுவைக்குள் ஊற்றினார். முகவையையும் புனலையும் கழுவிய நீரையும் உள்ளே சேர்த்தார். கடைசியில் கழுத்திலுள்ள கோடு வரை நீர் விடும்போது கை தவறிவிட்டது. கோட்டுக்கு மேலே ஒரு விரலளவு தண்ணீர்.

"சேர், கூடிட்டுது. மேல உள்ளத உறிஞ்சி எடுக்கட்டா?"

"எடுக்கிறது வெறும் தண்ணியா மகள்?"

யோசித்தார். "இல்ல சேர். உப்பும் சேர்ந்துதான் வரும். மிச்சம் ஐதாகவே இருக்கும்." முகம் வாடியது. ஆனாலும் கொட்டிவிட்டுத் திரும்பவும் தராசடிக்குப் போனார்.

எனக்குத்தான் மனம் உறுத்தியது. அவருடைய வயதில் நான் கேட்கவில்லை; உறிஞ்சி எடுத்துவிட்டேன்.

அப்போது எங்கள் வகுப்பில் ஆறே பேர். எல்லோருக்குமான நியமக் கரைசலை என்னிடம் நம்பித் தந்திருந்தார் சேர். கோட்டைத் தாண்டி ஐந்து மில்லிலீற்றர் அளவுக்கு ஊற்றிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. துளித்துளியாக எடுத்து, பிறையுருவைக் கோட்டில் சரியாக நிறுத்தினேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

நியமிப்பில் 25.0 வரவேண்டிய அளவியில் ஆறு பேருக்கும் 24.5 அளவில்தான் வந்தது. ஆறு பேரும் ஒன்றாகப் பிழைக்க முடியாது. நியமக் கரைசலும் பிழைக்காது. அதை வைத்துத்தானே மற்றதை அளக்கிறோம். ஆகவே ஐதரோக்குளோரிக் அமிலம்தான் செறிவு கூடிவிட்டது என்று முடிவாயிற்று. அதைக் கலந்து வைத்த ஆய்வுகூட உதவியாளர் நானாவுக்கு எங்கள் முன்னாலேயே ஏச்சு விழுந்தது. அவர் ஒன்றும் பேசாமல் போத்தலைத் தூக்கிக்கொண்டு போனார். நானும் பேசவில்லை.

அன்றிலிருந்து ஒன்று விளங்கும். அளக்கப்படும் பொருள் பிழைத்தால் அதோடு போய்விடும். அளவுகோலே பிழைத்தால், சரியாக இருப்பவர்தான் குற்றவாளியாகத் தெரிவார். ஆசிரியராகி இத்தனை வருடம், எத்தனை பிள்ளைகளை நான் பிழையென்று சொல்லியிருப்பேன்? அத்தனையிலும் என் கரைசல் சரியாக இருந்ததா?

நேற்றுப் பின்னேரம் நானாவின் வீட்டுக்குப் போனேன். வயது போய்விட்டது, காதும் மந்தம். நடந்ததைச் சொன்னேன். இரண்டு தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. உள்ளே இருந்த அவரது பேரப்பிள்ளைகளுக்கும் கேட்டிருக்கும். நல்லதுதான். அன்று ஏச்சும் எல்லோருக்கும் கேட்கத்தான் விழுந்தது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"அந்தப் புள்ள திரும்பக் கரைச்சாவா?"

"ஓம் நானா."

"எவ்வளவு வந்திச்சி?"

"இருபத்தைந்து."

தலையை ஆட்டினார். "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார்.