எங்கே நிற்பது?

“பெரிய காமிராவுக்கு எந்த லென்ஸ் நல்லது?” என்று கேட்கும் நண்பர்களிடம் நாம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “ஐயா, தாங்கள் எங்கே நிற்கப் போகிறீர்கள்?”

இது விதண்டாவாதம் அல்ல. நாலுக்கு ஐந்து அங்குலப் பிலிமை மூலைக்கு மூலை அளந்தால் சுமார் 150 மில்லிமீட்டர் வரும். ஆகையால் 150 மில்லிமீட்டர் லென்ஸைச் சாதாரண லென்ஸ் என்பது சம்பிரதாயம். 90 என்பது விசாலப் பார்வை. 210 சற்றுக் குறுகிய பார்வை. மூன்றையும் வாங்கிவிடலாமே என்றால், மாதச் சம்பளக்காரர் வீட்டில் அந்தப் பேச்சுக்கு இடமேது?

நமக்கும் ஒன்றுக்குத்தான் பணம் இருந்தது. எடுக்க வேண்டியவையோ இரண்டு. ஒன்று, விலை பேசி முடிந்துவிட்ட பூர்வீக வீடு. மற்றொன்று, அந்த வீட்டிலேயே எண்பத்து நாலு வயதை எட்டிவிட்ட அத்தைப் பாட்டி.

வீட்டின் முகப்பு 25 அடி. வீதியின் அகலம் 20 அடி. எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் 150 லென்ஸில் 16 அடிதான் விழும். 210-ல் பதினோரு அடி. முழு முகப்பும் விழ வேண்டுமானால் 90 தான் கதி. ஆனால் அதே 90-ஐ வைத்துக்கொண்டு பாட்டியை மார்பளவு எடுக்க வேண்டுமானால், மூன்றடிக்குள் நெருங்க வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் மூக்கு முன்னே வந்து நிற்கும், காதுகள் பின்வாங்கிவிடும். குற்றம் லென்ஸினுடையதல்ல, நாம் நின்ற இடத்தினுடையது. 210 என்றால் ஏழடி தள்ளி மரியாதையாக நிற்கலாம்.

இந்தத் தர்மசங்கடத்தைத் தீர்த்து வைத்தவர் லின்னேயஸ் டிரைப் என்னும் வெள்ளைக்காரர். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் நீண்டு செல்லும் கல்வெட்டுக்களை அவர் ஒரே படத்தில் அடக்க முயலவில்லை. காமிராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீண்ட படமாக்கினார்.

சுவரைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டலாம். முகத்தை அப்படிச் செய்ய முடியுமா? உடனே 210 என்று தீர்மானித்தோம். உபயோகித்த சரக்குத்தான்; ஆனால் ஷட்டர் சரியாக ஓடியது. அதன் ஒளிவட்டம் பிலிமைவிட நன்றாய்ப் பெரியது. ஆகவே காமிராவை அண்ணாந்து பார்க்க விடாமல், லென்ஸ் பலகையை மட்டும் உயர்த்திக் கூரையைப் பிடிக்க முடிந்தது. தூண்களும் சாயவில்லை.

வீட்டை நான்கு துண்டுகளாக எடுத்தோம். ஒட்டிய இடம் கூர்ந்து பார்த்தால் தெரியத்தான் செய்கிறது. பாட்டியிடம் இத்தனை கணக்கையும் விவரித்தபோது, “வீடு கிடக்கட்டும் அப்பா, நான் எங்கே உட்கார வேண்டும், அதைச் சொல்லு” என்றாள்.

லென்ஸ் சாஸ்திரம் முழுவதும் அந்தக் கேள்வியில் அடங்கிவிட்டது. யாரை எடுக்கிறோம், அவரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பது முதலில் நிச்சயமாகட்டும். மில்லிமீட்டர் தானாக வரும்.