எட்டாம் வகுப்பு இயற்கணிதமும் நான் போட்ட 56 மதிப்பெண்ணும்



நேற்று மாலை என்னிடம் படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். பி.எட். முடித்து, இந்த ஆண்டுதான் ஒரு பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கச் சேர்ந்திருக்கிறாள். கையில் ஒரு தாள். "சார், அடுத்த வாரம் எட்டாவதுல இயற்கணிதம் ஆரம்பிக்கிறேன். பிள்ளைங்ககிட்ட என்ன எதிர்பார்க்கிறேன், எதுக்கு எவ்வளவு மார்க்னு முதல் நாளே சொல்லிடலாம்னு எழுதி வச்சிருக்கேன். சரியா இருக்கா பாருங்க" என்றாள்.

பதினொரு விதி. நோட்டில் ஓரம் விட வேண்டும், பென்சிலால் கோடு போட வேண்டும், ஒரு படி விட்டாலும் மதிப்பெண் குறையும், வீட்டுப்பாடம் இல்லாவிட்டால் 0. படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. எல்லாம் நான் அவள் வகுப்பில் சொன்னவைதான். அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறாள்.

காபி கொடுத்து, ஏதோ கொஞ்சம் சொல்லி அனுப்பினேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் 'படி' விஷயம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொட்டியம் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவன். அப்பா வாழைத்தார் சுமப்பவர். "ஓர் எண்ணின் மூன்று மடங்குடன் 7-ஐக் கூட்டினால் 40, அந்த எண் என்ன?" என்று தேர்வில் கேட்டிருந்தேன். அவன் 11 என்று மட்டும் எழுதி, கீழே கோடு போட்டுவிட்டான். ஐந்துக்கு ஒன்று போட்டேன். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினாயா என்று வேறு கேட்டேன். அவன் அழவில்லை. "நாப்பதுல ஏழு போச்சுன்னா முப்பத்தி மூணு. மூணாப் பங்கு வச்சா பதினொண்ணு. இதுல எழுத என்ன சார் இருக்கு?" என்றான்.

அவன் சொன்னதுதான் சமன்பாட்டைத் தீர்க்கும் முறை. 3x + 7 = 40 என்று எழுதி, இரு பக்கமும் 7-ஐக் கழித்து, 3-ஆல் வகுக்கச் சொல்கிறோமே, அதைத்தான் அவன் வாயால் செய்தான். ஒரு மதிப்பெண்ணை நான் மாற்றவில்லை. வாத்தியார் போட்டது போட்டதுதான் என்ற திமிர் அப்போது இருந்தது.

அதற்காகப் படியே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். 5x - 4 = 2x + 11 என்று கொடுத்துப் பாருங்கள். தெரியாத எண் இரண்டு பக்கமும் நிற்கும்போது பின்னோக்கிப் போகும் மனக்கணக்கு நடக்காது. எழுதித்தான் 3x = 15, x = 5 என்று வர முடியும். பிற்காலத்தில் நான் செய்தது இதுதான்: பாடம் தொடங்கும் முதல் வாரம், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று சொல்ல முடிந்தால் வெறும் விடைக்கும் முழு மதிப்பெண். அப்புறம் இந்த மாதிரி ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு நான் சும்மா இருப்பேன். பிள்ளைகளே நோட்டை எடுத்துவிடுவார்கள்.

('அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்று சொல்லிக்கொடுப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஏன் மாறுகிறது என்று கேட்டால் கல்லூரி முடித்தவர்களுக்கே பதில் வருவதில்லை.)

இனி, என்னைத் தூங்கவிடாத விஷயம்.

2012-13-இல் ஒன்று முதல் எட்டு வரை முப்பருவ முறை வந்தது. தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு. தொகுத்தறித் தேர்வுக்கு 60, வளரறி மதிப்பீட்டுக்கு 40. அந்த நாற்பதில் செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20. மொத்தத்தைப் பார்த்து ஏ1 முதல் இ2 வரை தரநிலை. அப்போது நாங்கள் பதிவேடு பதிவேடாக எழுதியதை உடன் வேலை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

திட்டம் தப்பில்லை. ஒரே தேர்வை வைத்துப் பிள்ளையை எடை போடாதே, நடுநடுவே பார், எங்கே சறுக்குகிறது என்று தெரிந்து சரிசெய் என்பதற்குத்தான் அந்த 40. நான் என்ன செய்தேன்? சார்ட் ஒட்டிக் கொண்டுவந்தால் 10, குழுவில் நின்றால் 10. சிறு தேர்வை முந்தின நாள் கரும்பலகையில் போட்ட அதே கணக்கை வைத்தே நடத்தினேன். வகுப்பில் பெரும்பாலானவர்களுக்கு நாற்பதுக்கு 36, 38. தேதிக்குள் பதிவேடு முடிந்தது.

அதில் ஒரு பெண். அமைதியானவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வளரறியில் 38, தொகுத்தறியில் அறுபதுக்கு 18. கூட்டினால் 56. சி1.

அடுத்த ஆண்டு அவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனாள். அங்கே கணக்கு எடுத்த டீச்சரை முசிறி பஸ்ஸில் பார்த்தேன். மரியாதையாகத்தான் கேட்டார். "சார், உங்க ஸ்கூல்லேருந்து வந்த பொண்ணு 2x + 3-ஐ 5x-னு எழுதுது. நாலு தடவை சொல்லிட்டேன், மாத்த மாட்டேங்குது. எட்டாவதுல சி1 போட்டிருக்கே?"

எனக்குப் பதில் இல்லை. ஏனென்றால் அந்தத் தப்பின் வேர் எனக்குத் தெரியும். ஒத்த உறுப்புகளைச் சொல்லிக்கொடுக்கும்போது, x என்றால் வாழைப்பழம் என்று வைத்துக்கொள், 2 வாழையும் 3 வாழையும் 5 வாழை என்று நானேதான் சொன்னேன். சுலபமாகப் புரியட்டுமே என்று. x பழம் அல்ல, ஓர் எண். பழம் என்று நினைத்த பிள்ளைக்கு 2x-உடன் 3-ஐப் பார்த்ததும் அதையும் கூட்டிவிடத்தான் தோன்றும்.

வாழைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்துகொண்டு சரியான வாழைக் கணக்கு எனக்கு அப்புறம்தான் பிடிபட்டது. ஒரு தாரில் x காய். இரண்டு தாரும் உதிரியாக மூன்று காயும் இருந்தால் 2x + 3. அதை ஐந்து தார் என்று சொன்னால் வியாபாரி சும்மா விடுவானா? இப்படிக் கேட்டதும் வகுப்பே சிரிக்கும். அந்தப் பெண் படித்த வகுப்பில் நான் இதைக் கேட்கவில்லை.

2015 மார்ச்சில் பத்தாம் வகுப்பில் அவளுக்குக் கணக்கில் 35 வரவில்லை. துணைத் தேர்வு எழுதித்தான் தேறினாள். முடிவு வந்த வாரம் அவள் அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். இலை அறுக்கும் வேலைக்குப் போகிறவர். கோபப்படவில்லை. "அட்டையில சி-னு போட்டிருந்தீங்களே சார், சுமாரா வருதுன்னுதான் நெனச்சோம். ஒண்ணும் வரலைன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா எங்கயாச்சும் சொல்லிக்குடுக்கச் சொல்லியிருப்போமே."

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 2010 ஏப்ரலிலிருந்து கல்வி உரிமைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அப்போது எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்க முடியாமல் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு நான் உள்ளதைப் போட்டிருந்தாலும் ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருப்பாள். பயந்து பூசி மெழுக வேண்டிய தேவையே எனக்கு இல்லை. 2019-இல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் அரசே திரும்பப் பெற்றது. பெற்றதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஃபெயில் போடுவதைப் பற்றி நான் பேசவில்லை. அட்டையில் இருக்கும் எண் அந்த அம்மாவிடம் பொய் சொல்லக் கூடாது என்கிறேன்.

ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருந்தது. அந்த இரண்டு ஆண்டும் சிலவற்றை மாற்றினேன். சார்ட்டுக்குப் போடுவதை நிறுத்தி, x-க்கு ஊரிலிருந்து ஒரு கணக்கு உருவாக்கிவரச் சொல்லி, அதற்கு மதிப்பெண் போட்டேன். கிடைத்த விடையைச் சமன்பாட்டில் வைத்துச் சரிபார்த்தால் ஒரு மதிப்பெண். சரிபார்த்து "தப்பு வருது சார்" என்று எழுதினாலும் அந்த ஒன்று உண்டு. எங்கே தப்பு என்று தெரியாவிட்டாலும், தப்பு என்று தெரிந்ததே பெரிது.

சிறு தேர்வு நான்கையும் கூட்டிச் சராசரி போடுவதையும் விட்டேன். ஒரு பிள்ளை இருபதுக்கு 4, 8, 14, 18 என்று வாங்குகிறது. சராசரி 11. ஆனால் இன்றைக்கு அதற்குத் தெரிந்தது 18. ஜூலையில் தெரியாததற்கு செப்டம்பரில் எதற்குத் தண்டனை? அதே பாடத்தில் திரும்ப எழுத விட்டு, கடைசியாக எடுத்ததையே வைத்துக்கொண்டேன். தேர்வன்று வராத பிள்ளைக்கு 0 போடாமல் இடத்தைக் காலியாக விட்டு, வந்ததும் எழுத வைத்தேன். பங்குனியில் மதுரைகாளியம்மன் தேரைத் தோளில் தூக்குகிற ஊர் இது. அந்த வாரம் பாதி வகுப்பு வராது. அது இயற்கணிதம் தெரியாததற்கு அடையாளம் ஆகாது.

நண்பர் ஒருவர் சண்டைக்கே வந்தார். திரும்பத் திரும்ப எழுத விட்டால் முதல் தடவை எவன் படிப்பான் என்று. அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. சிலர் அப்படி ஏமாற்றவும் செய்தார்கள். மறுதேர்வுக்கு முன் பழைய தாளின் தப்புகளைத் திருத்திக் காட்டினால்தான் எழுதலாம் என்று வைத்ததும் அது குறைந்தது, முழுக்கப் போகவில்லை.

வீட்டுப்பாடம் மட்டும் எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. மதிப்பெண் போட்டால் காலையில் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்து எழுதுகிறார்கள். போடாவிட்டால் பாதிப் பேர் செய்வதில்லை. சாயங்காலம் தோட்டத்துக்குப் போகிற பிள்ளையிடம் எவ்வளவு கேட்கலாம் என்றும் தெரியவில்லை. அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது வகுப்பெடுக்கும் கணக்கு ஆசிரியர்கள் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.